டூலெட்: நிபந்தனைகளுக்கு உட்பட்டது

2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் எல்லாம் மாவட்டத் தலைநகரங்கள் ஆயின. இப்படி ஓர் ஊருக்குப் பதவி உயர்வு கிடைத்தால், கலெக்டர் ஆபீஸ் கட்டடம் எழும்பும் முன்பே வாடகை எழும்பிவிடும்.

சின்ன ஊரில் வீடு பார்க்கப் போவது ஒரு நேர்முகத் தேர்வு. “எந்த ஊரு? அங்க எந்தத் தெரு? யாரு வீட்டு ஆளுங்க?” சாதி என்ற சொல்லை உச்சரிக்காமலே சாதியைக் கண்டுபிடிக்கும் கலை அது. அடுத்து, கறி சமைப்பீர்களா? கல்யாணமாகாத பையன் என்றால் கேள்வியே இல்லை. “நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினேன் தம்பி.” பலகை மட்டும் மறுவாரமும் தொங்கும்.

சட்டம் இல்லாமலா? 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த ‘வேறு உடன்பாடு’ எப்போதும் உண்டு: பத்து மாதம், ரொக்கமாக.

கரன்ட் தனிக்கதை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. அது உரிமையாளரின் மீட்டர் வரை ஒழுங்காக வந்து சேரும். அங்கிருந்து மாடியிலுள்ள சப் மீட்டருக்கு ஏறும்போது யூனிட் பத்து ரூபாய்.

காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அடிப்பார்களா என்பது வேறு விஷயம். புதிதாகக் குடிபோகிறவர்கள் பால் காய்ச்சும் முன் சுவர்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.