பிரேக்கில் எரிந்த விளக்கு

எங்கள் வீட்டு வாசலில் காரைத் திருப்புவது ஒரு வித்தை. வலியசாலைத் தெரு நீளத்துக்குப் பேர்போனது, அகலத்துக்கு அல்ல. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹார வீடுகள். நடுவில் கிடைக்கிற இடத்தில் ஸ்கூட்டர், பால்காரன், கோலம், கோலத்தை மிதிக்காதே என்று சொல்வதற்கென்றே உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டுப் பாட்டி. ஸ்டியரிங்கைக் கோடிவரை ஒடித்துப் பின்னே போய், மறுபக்கம் ஒடித்து முன்னே வந்து, மறுபடி ஒடித்து... போன கர்க்கடகத்தில் ஒரு சாயங்காலம், மூன்றாவது ஒடிப்பில் டேஷ்போர்டில் உள்ள விளக்குகள் எல்லாம் குப்பென்று எரிந்தன. ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டியரிங் படம் போட்ட ஒன்று, அர்த்தம் தெரியாத இன்னும் இரண்டு. திருக்கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைப்பதற்குள் ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிட்டது.

வண்டிக்கு வயது 12. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. கம்பெனிப் பேரைச் சொல்லப்போவதில்லை. அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் என்மேல்தான். எரியக்கூடாத இடத்தில் விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குப் பதினொரு வயதிலேயே ஒருவர் பாடம் நடத்தியிருந்தார்.

அது 1979. அப்பா ஒரு அம்பாசடர் வாங்கினார். மார்க் டூ, கே.எல்.டி. நம்பர். நாங்கள் நாலாவது கை. முதல் கை ஒரு டாக்டர் என்று விற்றவர் சத்தியம் செய்தார். அந்த நாளில் விற்பனைக்கு வருகிற எல்லா வண்டிக்கும் முதல் கை டாக்டர்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில், இங்கிலீஷ்காரனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டுக்குப் பெயர் மாற்றி 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்தார்கள். 2014 வரை விடாமல் செய்தார்கள். அதற்குள் குடித்தனமே நடத்தலாம். நாங்கள் ஏறக்குறைய நடத்தினோம்.

அந்தக் காரின் மின்சாரம் முழுவதும் ஒரு டைனமோவை நம்பி இருந்தது. இப்போதுள்ள ஆல்டர்னேட்டர் வண்டி நிற்கும்போதும் சார்ஜ் செய்யும். டைனமோ அப்படியில்லை, எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் ஓய்வெடுத்துக்கொள்ளும். ராத்திரி கிள்ளிப்பாலம் சந்தியில் நின்றால் ஹெட்லைட் கோவில் தூண்டாவிளக்கு மாதிரி மஞ்சளாகிவிடும். அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து அதற்கு உயிர் கொடுப்பார். பேட்டரி படுத்துவிட்டால் ஹேண்டில். அதைப் பிடிப்பதற்கே ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மடக்கிச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையைவிட்டு நழுவிப் போகும். சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் கூடவே போகும். எனக்கு உபநயனத்துக்கு முன்னாலேயே இந்த உபதேசம் ஆகிவிட்டது.

வாங்கி ஆறு மாதத்தில் ஒரு விசேஷம். பகலில் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மினுங்கும். காலை எடுத்தால் அணையும். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பின்சீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். விளக்கு எரிந்தால் வண்டி நிற்கப்போகிறது என்று தைரியம். அப்பாவும் அதை வண்டியின் கூடுதல் வசதிகளில் ஒன்றாகவே விருந்தாளிகளிடம் காட்டினார். பிரேக் போடும்போது பின்பக்கம் இடது விளக்கு எரிவதே இல்லை என்பது, தம்பானூர் பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்திச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

உடனே தெரு கூடியது. மின்சார போர்டில் ரிட்டையரான மாமா ஒருவர், ரேடியோ ரிப்பேர் தெரிந்த மாமா ஒருவர், ஒன்றுமே தெரியாத ஆனால் குரல் உள்ள மாமாக்கள் மூன்று பேர். ஒருவர் ஷார்ட் என்றார், ஒருவர் லீக் என்றார். வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது என்பதில் மட்டும் கருத்து ஒற்றுமை. எது அறுந்தது என்பதில் எங்கள் தெருவில் தீர்ப்பு சீக்கிரம் வருவதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் என்கிறது கல்வெட்டு. அந்தச் சாலை எங்கள் காந்தளூர் மகாதேவர் கோவில் இருக்கிற இந்த இடம்தான் என்கிறவர்கள் பலர்; விழிஞ்சத்தைக் கைகாட்டுகிறவர்களும் உண்டு. அறுத்தது கப்பலையா, சாப்பாட்டுக் கலத்தையா என்று பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நாலு கை மாறிய அம்பாசடருக்கு ஒரு மூன்று மாதம் கொடுத்தால் என்ன?

அந்த மூன்று மாதத்தில் ஒரு துப்பு மட்டும் துலங்கியது, ஆனால் வேறு கேஸில். பியூஸ் டப்பாவைத் திறந்தபோது கண்ணாடிக் குழாய் பியூஸ் ஒன்று கருகிக் கிடக்க, அதைச் சுற்றி சிகரெட் பாக்கெட் ஈயத்தாள் வெகு நறுவிசாகச் சுற்றப்பட்டிருந்தது. அப்பா சிகரெட் தொடமாட்டார். வண்டியை அவரைத் தவிர எடுக்கிறவன் என் அண்ணா ஒருத்தன்தான். ஷார்ட் ஆனால் எரிய வேண்டியது பியூஸ். ஈயத்தாள் சுற்றினால் எரிவது வயரும், சில சமயம் வண்டியும். எங்கள் வீட்டில் அன்றைக்கு எரிந்தது வேறு.

கடைசியில் கிள்ளிப்பாலத்திலிருந்து ஆசான் வந்தார். வொர்க்ஷாப்பில் மூத்த கைக்கு இங்கே அப்படித்தான் பெயர். அவரையும் தெய்வமாக்க வேண்டாம். முதல் இரண்டு தடவை பல்பையும் பிரேக் ஸ்விட்சையும் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போனவர்தான். மூன்றாம் தடவை பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி, பல்பை வெளியே எடுத்து, என்னைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே இரண்டு இழை: ஒன்று பார்க் லைட்டுக்கு, ஒன்று பிரேக்குக்கு. இரண்டுக்கும் திரும்புகிற வழி ஒன்று. ஹோல்டர், ஒரு ஸ்குரூ, அங்கிருந்து வண்டியின் பாடி.

“கறண்டு போனா திரிச்சு வரணும், கேட்டியா மக்களே. வாசல் அடைச்சு கெடந்தா நீ எப்படி வீட்டுக்குப் போவே?”

“பக்கத்து வீட்டுக் கொல்லை வழியா.”

“அதுதான் இதும் செய்யுது.”

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் வளர்ந்தவனுக்கு இதைவிட எப்படி விளக்குவது? எர்த் ஸ்குரூ துருப்பிடித்து அடைத்துவிட்டது. பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் பக்கத்து இழைக்குள் நுழைந்து, பார்க் லைட் வயரில் எதிர்த்திசையில் ஓடி, டேஷ்போர்டு பல்புகள் வழியாக எர்த்தைத் தேடிப் போயிருக்கிறது. இரண்டு பக்கம் நுனி சீவிய ஒரு முழம் வயரை எடுத்தார். ஒரு நுனியை ஹோல்டரிலும் மறு நுனியை பம்பர் போல்ட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பின்னால் சிவப்பாக எரிந்தது, டேஷ்போர்டு இருண்டது. பிறகு சாண்ட்பேப்பர் துண்டு, புது ஸ்குரூ, மேலே விரலால் கொஞ்சம் வாஸலின். கூலி அஞ்சு ரூபாய், ஒரு சாயா, இரண்டு ஏத்தக்காயப்பம். அம்மாவுக்குத்தான் வருத்தம். “முன்னேயாவது நிக்கப்போறதுன்னு தெரியும். இப்போ எதைப் பார்த்து நம்பறது?”

இப்போது இந்த வண்டிக்கு வருகிறேன். ஏ.சி. போட்ட வரவேற்பறை, கழுத்தில் பட்டை தொங்கவிட்ட பையன், காப்பி மிஷின். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினார்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் காரிலும் இது கட்டாயம். நம்மூருக்கு பாரத் ஸ்டேஜ் நாலோடு வந்து சேர்ந்தது. ஸ்கேனர் பதினொரு கோடுகளைக் கக்கியது. யு 0131, ஸ்டியரிங் யூனிட்டோடு பேச்சு முறிந்தது. யு 0121, ஏ.பி.எஸ்.ஸோடு பேச்சு முறிந்தது. ஒரு காருக்குள் இத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் கார் கயிற்றுக் கட்டாகிவிடும் என்று, இரண்டே வயரில் எல்லா யூனிட்டும் பேசிக்கொள்கிற ஏற்பாட்டை போஷ் கம்பெனி 1986இல் வெளியிட்டது. கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருத்தர் ஒரு நிமிஷம் வாய் திறக்காவிட்டால் மற்ற எல்லாரும் ஆளாளுக்கு எழுதி வைத்துக்கொள்வார்கள்.

பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது: பி 0562, வோல்டேஜ் குறைவு. அதைப் பார்த்து, “பேட்டரி போச்சு ஸார்” என்றான் பையன். புது பேட்டரி 5,600 ரூபாய். விளக்கெல்லாம் அணைந்தது. பத்து நாள் கழித்து, அதே வாசல், அதே மூன்றாவது ஒடிப்பு, அதே கார்த்திகை. அடுத்து ஆல்டர்னேட்டர், 14,800. இன்னொரு பத்து நாள். நடுவில் ஒருமுறை வண்டியை ஈஞ்சக்கல் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கொழப்பவும் இல்ல ஸார்” என்றார்கள். இருக்காது. பைபாஸ் நேர்ரோடு. ஸ்டியரிங் மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிப்பது, வண்டி நகராமல் நிற்கும்போது கோடிவரை ஒடித்தால்தான். அப்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். அதற்கு எங்கள் தெருவுக்கு வரவேண்டும். மூன்றாவது தடவை ஸ்டியரிங் யூனிட்டையே மாற்றச் சொல்லி 42,000 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட், கூலிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கொல்லைப்புற வழி ஞாபகம் வந்தது. 20,400 ரூபாய் கரைந்த பிறகு. ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் இன்னும் கூட.

சாலைக் கடைத்தெருவில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கினேன். எஞ்சின் ஓட, ஹெட்லைட், ஏ.சி. ப்ளோவர் எல்லாம் போட்டு, பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தேன். 14.1 வோல்ட். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நிரபராதிகள். பழசும் நிரபராதிகளாகத்தான் இருந்திருக்கும்; பாவம், நாடு கடத்திவிட்டோம். அடுத்து ஒரு குச்சியை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை பானெட் ஓரத்தில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட் தலையிலும் வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று கட்டியவை. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.1, போனால் 0.2. காட்டியது 1.9. மனைவியைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னேன். மூன்றைத் தாண்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஏன்னா, எல்லாம் எரியறது!”

ஜம்ப் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு வாயை பேட்டரி நெகட்டிவிலும் மறு வாயை அந்த போல்ட்டிலும் கவ்வ வைத்தேன். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தாள், ஒடித்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் ஒடித்தாள். எதிர்வீட்டுப் பாட்டி எழுந்து நின்று பார்த்தாள்.

பேட்டரியைத் தூக்கினேன். அதன் தட்டுக்கு அடியில், பாடிக்குப் போகிற எர்த் பட்டை. பின்னல் கம்பி பச்சை பூத்து, போல்ட்டைத் தொடுகிற இடத்தில் வெள்ளைப் பொடியாகி, விரலால் தொட்டதும் நாலு இழை உதிர்ந்தது. சங்குமுகத்து உப்புக் காற்று, இரண்டு மழைக்காலம், பேட்டரி ஆசிட். பன்னிரண்டு வருஷம் தாங்கியதே பெரிசு. எஞ்சினுக்குப் போகிற எர்த் வேறு, அது நன்றாக இருந்தது. அதனால்தான் செல்ப் ஒருநாளும் தகராறு பண்ணவில்லை. பாடியை நம்பியவர்கள் மட்டும் தவித்திருக்கிறார்கள். பேட்டரியை மாற்றியபோதும் ஆல்டர்னேட்டரை மாற்றியபோதும் இந்தப் பட்டை கொஞ்சம் அசைந்திருக்கும். அசைந்ததில் பத்து நாள் வேலை செய்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கை அதற்கு நாலு விரற்கடை மேலே வந்துபோயிருக்கிறது.

புதுப் பட்டை 180 ரூபாய். சாண்ட்பேப்பர் வீட்டில் இருந்தது. வாஸலினும்.

இரண்டு நாள் கழித்து வொர்க்ஷாப்பிலிருந்து போன். ஒரு பெண்குழந்தை. “ஸார், எஸ்டிமேட் அப்ரூவ் செய்யுன்னுண்டோ?” வண்டி சரியாகிவிட்டது என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டாள். அப்படியானால் எங்கள் சர்வீஸுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்தி, பத்துக்குக் குறைந்தால் அந்தப் பையனுக்கு இன்சென்டிவ் கிடைக்காது ஸார் என்றாள்.

பத்து என்றேன்.