பொருள்: பட்டுப்போன பனை தொடர்பாக

எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை தாலுகா ஆபீஸ் கிட்டே வந்துகொண்டிருக்கிறது. தாத்தாவுக்கு நாங்குநேரி. பட்டா காரியம் என்றால் கோழி கூவுமுன் கட்டுச்சோற்றோடு கிளம்புவாராம். அப்பாவுக்கு இராதாபுரம். பஸ்ஸில் போய், அதிகாரி இருந்தால் சாயங்காலமும் இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் திரும்பிவிடுவார். இராதாபுரத்தைப் பிரித்து திசையன்விளையையே தாலுகா ஆக்கிய பிறகு எனக்கு நடந்து போகிற தூரம். இந்த வேகத்தில் போனால் என் பேரன் காலத்தில் தாசில்தார் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நாற்காலி போட வேண்டியிருக்கும்.

கிட்டே வந்ததில் ஒரு நஷ்டமும் உண்டு. தாத்தா நாங்குநேரி போய்வந்தால் காரியம் முடிந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. போய்வந்ததே பெரிய காரியம். நான் பத்து மணிக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பினால் தெருவே விசாரிக்கிறது. “நாளைக்கு வரச் சொன்னாங்க” என்று சொல்ல ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் தூரமாவது வேண்டாமா?

விஷயம் ஒரு பனை. எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே, யாருக்குச் சொந்தம் என்று யாருக்கும் நிச்சயமில்லாத ஒரு துண்டு நிலத்தில் நிற்கிறது. கொண்டை போய்விட்டது. மொட்டைத் தடி மட்டும் எங்கள் மாடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் காற்றாடிகளை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு ஆடிக்கும் என் மனைவி கட்டிலை வீட்டின் வேறொரு மூலைக்கு நகர்த்துவாள். இனி நகர்த்த அடுக்களைதான் பாக்கி.

வெட்டிப்போட வேண்டியதுதானே என்பீர்கள். 2021இல் வேளாண்மைக்கென்று முதல்முறையாகத் தனி பட்ஜெட் போட்டபோது, பனையை வெட்ட கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போனதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். பதநீரும் கருப்பட்டியும் வளர்த்த ஊர் இது. பனை மாநில மரம் வேறு. உயிருள்ள பனைக்குக் காவல் வேண்டியதுதான். செத்த பனைக்கும் அதே காவலா என்பதுதான் என் சந்தேகம். சந்தேகத்தை மனுவாக்கினேன்.

எழுதியது நூலகத்தில் வைத்து. நம் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. 1948இல் வந்த சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். ஆகவே அந்த மேசையிலும் மின்விசிறியிலும் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்ற உரிமையோடுதான் உட்காருவேன். காலையில் அங்கே ஒரே தினசரி ஆறு பேர் கையில் ஆறு தாளாக இருக்கும். முதல் பக்கத்தில் கொலையைப் படித்தவர், கொலைகாரன் யார் என்பதற்கு “7ஆம் பக்கம் பார்க்க” என்ற இடத்தில் நின்று, அந்தத் தாள் யார் கையில் என்று தேடுவார். அங்கே நடக்கிற துப்பறிதல் போலீசுக்கே வராது.

காலமெல்லாம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்குப் பனை கிடைத்தால் விடுவேனா? மூன்று பக்கம் வந்தது. வருவாய்த் துறையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் வாங்கிப் படித்தார்.

“சார்வாள், இது மனுவா, இரங்கற்பாவா?”

“ஏன் வே?”

“படிக்க ஆளிருக்காது. ஐந்து வரி போதும். மேல ‘பொருள்: பட்டுப்போன பனை தொடர்பாக’. அதுக்குக் கீழ ‘பார்வை’.”

“பார்வையில என்ன எழுத?”

“முந்தி குடுத்த மனுவோட தேதி.”

“இதுதானே முதல் மனு.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “அப்ப வேலை ரெண்டாவது மனுவிலதான் ஆரம்பிக்கும்.”

வீட்டு வரி ரசீதின் நகலை இணைக்க வேண்டும். நகலில் யார் கையெழுத்துப் போடுவது என்று ஒரு பேச்சு வந்தது. இராதாபுரம் தொகுதிக்காரர்கள் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2016 தேர்தலில் இங்கே வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகளில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டிருந்தார். அது செல்லுமா செல்லாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு வாத்தியார் கையெழுத்துக்கு இத்தனை கனம் இருக்கிறதென்று பணியில் இருந்தபோது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் நகலில் நானே போட்டுக்கொண்டேன்.

எந்தெந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். ஊர் சின்னது, நாளைக்கும் போக வேண்டும். ஓரிடத்தில், நிலம் எங்களுடையதுதான், மரம் எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். இன்னோரிடத்தில், மரம் எங்கள் கணக்கில் வரலாம், நிலம் எங்களுடையதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஓர் அம்மா மிகுந்த கரிசனத்தோடு கேட்டார்: “மரம் விழுந்துட்டா சார்?” இல்லை என்றேன். “விழுந்த மரம்னா உடனே ஆள் அனுப்புவோம். விழாத மரத்துக்கு எங்ககிட்ட ஃபாரமே கிடையாது.” நான் மரத்தைக் குறைசொல்லிக்கொண்டே வீடு திரும்பினேன்.

இ-சேவை மையத்திலும் ஏற்றிப் பார்த்தோம். கணினிக்கு முன்னால் இருந்த பெண் பட்டியலை மேலும் கீழும் உருட்டி, “சாதி, வருமானம், இருப்பிடம், வாரிசு எல்லாம் இருக்கு மாமா. பனை இல்லையே” என்றாள். வாரிசுச் சான்றை இப்போதே பார்த்து வைக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். கடைசியில், இன்னும் பெரிய இடத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். அதன் பிறகு மனுவைக் காணோம்.

இங்கே ஆயன்குளத்துக் கிணற்றைச் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பர் மழையில் நம்பியாற்றுப் பக்கம் வெள்ளம் வந்து, உபரி நீரை அந்தக் கிணற்றுக்குள் விட்டார்கள். விநாடிக்கு ஐம்பது கன அடி அளவுக்குத் தண்ணீர் வாரக்கணக்கில் விழுந்தும் கிணறு நிறையவில்லை. சனம் திருவிழாக் கூட்டமாகத் திரண்டு போய்ப் பார்த்தது. சுண்டல் வியாபாரம் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஆட்கள் வந்து ஆராய்ந்து, அடியிலே சுண்ணாம்புப் பாறை, மழைநீர் கரைத்த குகைகள், அவற்றின் வழியே தண்ணீர் பூமிக்குள் பரவுகிறது என்றார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறி, உப்புக் குறைந்தது.

மனுவும் இதே ஜாதிதான். ஒரு வாயில் விழுகிறது, நிறைவதே இல்லை, உள்ளே குகை குகையாகப் போய் நாம் நினைத்தே பார்க்காத இடத்தில் ஊறுகிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஐ.ஐ.டி. வந்தது. மனு எங்கே போகிறது என்று பார்க்க ஒரு குழுவும் வரவில்லை. வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில். மாடிப்பக்கம் மட்டும் போக வேண்டாம்.

பொறுமை எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. தாமிரபரணி வெள்ளத்தை எங்கள் தேரிக்காட்டுக்குத் திருப்பும் கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு 2009இல் தொடங்கியது. 75 கிலோமீட்டர் வாய்க்கால். மதிப்பீடு 369 கோடி. முடிந்தபோது ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது. திறந்து வைத்தது 2025 பிப்ரவரியில். தொடங்கிய அன்று கரையோரம் யாராவது ஒரு பனங்கொட்டையை ஊன்றியிருந்தால் திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குப் பதநீர் கொடுத்திருக்கலாம்.

பனங்கொட்டை என்று நான் நினைத்தது எந்தக் குகை வழியாகப் போய் எங்கே கேட்டதோ. ஒரு நாள் வாசலில் பைக்கை நிறுத்தி ஒரு தம்பி இறங்கினான். என்னிடம் படித்த பையன். பின்னால் ஒரு சாக்கு.

“பனை சம்பந்தமா மனு குடுத்திருந்தீங்கல்லா சார்?”

“குடுத்திருந்தேன்! ஆள் எப்ப வாராங்க?”

அவன் சாக்கை அவிழ்த்தான். உள்ளே பனை விதைகள். மரத்தை வெட்ட அனுமதி கேட்கச் சொன்ன அதே 2021 பட்ஜெட்டில், பனை விதை கொடுக்கும் திட்டமும் இருந்தது.

“ஏலே, வெட்டணும்னுலா கேட்டேன்.”

“எங்களுக்கு வந்த தாள்ல ‘பனை தொடர்பாக’ன்னு மட்டுந்தான் சார் இருக்கு. இதுல ஒரு கையெழுத்து.”

போட்டுக் கொடுத்தேன். என் மனைவி விதைகளை முறத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, இதில் எது பெண் பனை என்று கேட்டாள். பூக்கும்போதுதான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும் என்றேன். அவள் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள்.

நண்பருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. விதை வாங்கிய ஒப்புகைச் சீட்டை என் கையிலிருந்து பறித்து, தேதியையும் எண்ணையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “இப்பல்லா உமக்குப் பார்வை கிடைச்சிருக்கு. பேனாவை எடும் வே!”