மும்மடி மாதேஷ்

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிறவர் எவராயினும், வழியில் இறங்கி நின்று, "மாதேஷ்!" என்று உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கலாம்; டீக்கடையிலிருந்து ஒருவரும், பஸ்ஸின் டிரைவர் ஆசனத்திலிருந்து ஒருவரும், ஆடு மேயும் சரிவிலிருந்து ஒருவருமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். புலிவாகனராய் எழுந்தருளியிருக்கும் சுவாமியின் நாமத்தை ஒரு பிள்ளைக்கேனும் சூட்டாத குடும்பம் இப்பிராந்தியத்தில் துர்லபம். கன்னடக்காரர் வீட்டில் மாதப்பா, மாதேவசுவாமி, மாதேவம்மா. தமிழர் வீட்டில் மாதையன், மாது, மாதம்மாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, இம்மலை அடங்கிய கொள்ளேகாலம் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவை விட்டு மைசூர் ராஜ்யத்தில் சேர்ந்ததும், 1997-இல் மைசூர் ஜில்லாவை விட்டுச் சாமராஜநகர் ஜில்லாவில் சேர்ந்ததும் ரிக்கார்டு சம்பந்தமான விஷயங்கள். தொட்டிலில் வைத்த பெயர்கள் அப்படியே இருந்தன.

இத்தகைய ஸ்தலத்தில் உபாத்தியாயர்களைப் பெயரால் இனம் காண்பது அசாத்தியமாகையால், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் "கணக்கு மேஷ்ட்ரு", "பாலாறு டீச்சர்", "கண்ணாடி சார்" என்று ஒரு நாமாவளியை வகுத்துக்கொண்டு சௌக்கியமாயிருந்தார்கள். அப்போதுதான் நகரத்துக் கம்பெனி ஒன்று தயாரித்த செயலி வந்து சேர்ந்தது. அதில் முதற்பெயர் என்றொரு கட்டம், குடும்பப்பெயர் என்றொரு கட்டம். இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம். ஆதார் அட்டைகூட ஒரே கட்டத்தில் முழுப்பெயரையும் வாங்கிக்கொண்டு நம்மை விட்டுவிடுகிறது. இச்செயலிக்கோ குடும்பப்பெயர் இல்லாத மனிதன் மனிதனே அல்லன். பட்டத்துக்கும் ஒரு பட்டியல் உண்டு: திரு, திருமதி, செல்வி, டாக்டர். மேஷ்ட்ரு இல்லை, டீச்சர் இல்லை; இந்நாட்டில் பத்துப் பட்டங்களுக்குப் பதிலாக நின்று உழைக்கும் 'சார்'கூட இல்லை.

எங்கள் கணக்கு மேஷ்ட்ருவான, மாதப்பாவின் மகன் மாதேஷ் என்ன செய்வார்? தந்தையார் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டார். மரியாதையாவது, பட்டத்தையும் குடும்பப்பெயரையும் சேர்த்து அழைப்பதே என்று மேல்நாட்டாரிடம் பாடம் கேட்டிருந்த செயலி, அன்று முதல், "திரு. மாதப்பா அவர்களே, தாங்கள் இன்னும் வருகைப்பதிவு செய்யவில்லை" என்று, பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத அந்தப் பெரியவரைத் தினந்தோறும் கண்டிக்கலாயிற்று. டீச்சரம்மாக்களின் சங்கடம் வேறு விதம்: திருமதி என்ற பட்டத்தைப் புருஷன் பெயரின் தலையில் சூட்டி, மீசை வைத்த ஆண்பிள்ளைகளை அது சுமங்கலிகளாக்கியது. ஐஸ்லாந்து தேசத்திலும் நம்மைப் போலவே தகப்பன் பெயரைத் தொடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் பெரும்பான்மை. ஆயினும் அங்கே டெலிபோன் புத்தகத்தையே சொந்தப் பெயரின் அகரவரிசையில் அச்சிட்டார்கள். வாத்தியாரையும் சொந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். அவர்களில் யாரையாவது கம்பெனியார் கலந்து பேசியிருக்கலாம்.

மாதேஷ்கள் மூவரானபோது செயலி அடுத்த யுக்தியைக் காட்டிற்று. இரண்டாமவருக்கு 2 என்றும் மூன்றாமவருக்கு 3 என்றும் வால் வைத்தது. பெயரோடு இலக்கம் சேர்வது மைசூர் சிம்மாசனத்துக்கே உரிய கௌரவமாக ஒரு காலத்தில் இருந்தது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் என்று கன்னடத்தில் சொல்லும்போதே உடம்பில் ஜரிகை ஏறும். எங்கள் கன்னட ஆசிரியர் அந்த வரிசையை அனுசரித்து, மூன்றாமவரை 'மும்மடி மாதேஷ்' என்று அழைக்க, அவர் பீரியட் முழுவதும் சற்று நிமிர்ந்தே நடந்தார். கெட்ட செயலியிலிருந்து கிடைத்த ஒரே லாபம் அது.

பெற்றோர் கூட்டத்தன்று பேரனுக்காக வந்த கிழவர் ஒருவர், "மாதப்பா சாரைப் பாக்கணும், போன்லே வரச்சொல்லியிருக்குது" என்றார். நான் கணக்கு மேஷ்ட்ருவைக் காட்டி, மாதப்பா என்பது அவருடைய தகப்பனார் பெயர் என்று விளக்கினேன்.

"மாதப்பனா? எனக்கு நல்லாத் தெரியுமே. அவர் காலமாகி வெகு நாளாச்சுங்களே" என்ற கிழவர், சிறிது யோசித்துவிட்டுக் கேட்டார்: "கைநாட்டு வச்ச மனுசன், அங்கே போயா கணக்குக் கத்துக்கிட்டாரு?"