கிழக்கில்லா மேற்கு: மாம்பல நிலவியல் குறித்த ஓர் ஆய்வு

மேற்கு என்று ஒன்று இருந்தால் கிழக்கும் இருந்தே தீர வேண்டும் என்பது பூகோள விதி. இவ்விதிக்கு அடங்காத பிரதேசம் சென்னையின் மேற்கு மாம்பலம். கிழக்கு மாம்பலம் போகணும் என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோ ஸ்டாண்டே யோசனையில் ஆழ்ந்துவிடும்.

கிழக்கு தொலைந்த வரலாறு தெளிவாகவே இருக்கிறது. 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், இங்கிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். எழுந்த நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், சுருக்கமாகத் தி.நகர். பனகல் அரசர் பூங்காவானார், உஸ்மான் சாலையானார். கட்சிக்காரர்கள் இப்படி நிரந்தரமாகக் குடியேறியபின் கிழக்குக்கு ஏது இடம்? தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மட்டும் மேற்காகவே நின்றுபோயிற்று.

ஸ்டேஷன் பெயர் என்னவோ மாம்பலம்தான். இறங்குகிற கூட்டமோ தி.நகரின் ரங்கநாதன் தெருவுக்குப் போகிறது. 2023இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டை நோக்கியே நீள்கிறது. பெயர் எங்களுக்கு, பாலம் அவர்களுக்கு. (ஆய்வாளர் மேற்கு மாம்பலவாசி, நடுநிலையை வேறெங்காவது தேடிக்கொள்ளவும்.)

மேற்கில் லேக் வியூ ரோடு உண்டு. லேக் கிடையாது, வியூவும் எதிர் ஃபிளாட்டின் பால்கனியோடு சரி. இதைக் கேலி செய்வோர் ஐப்பசி, கார்த்திகை வரை பொறுத்திருப்பது நல்லது. நல்ல மழையில் துரைசாமி சுரங்கப்பாதையை எட்டிப் பார்த்தால், ஏரி ஊரைவிட்டுப் போகவில்லை, லீவில்தான் இருந்தது என்பது விளங்கும்.

வாழ்வியல் வேறுபாடும் கவனத்துக்குரியது. கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் கிழக்கே. சாஸ்திரிகளும் சமையல்காரரும் மேற்கே. அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் முடிந்து ஆரிய கவுடா ரோட்டில் கீரை பேரம் பேசுகிற மாமிக்கு உஸ்மான் ரோடு வெளியூர். தீபாவளிக்கு முன் ஒருதரம் போய் வருவாள், வந்து கால் வலிக்குத் தைலம் தடவுவாள். எல்லையை மதிக்காத ஒரே ஜீவராசி மாம்பலம் கொசு. பூர்வகுடி அதுதான் என்பது எமது துணிபு.

எல்லை மெய்யானது என்பதற்கு இன்னும் சான்று வேண்டுவோர் பனகல் பார்க்கில் ஆட்டோவைக் கைகாட்டலாம். கூப்பிடு தூரம்தானே என்றால் டிரைவர் ஒத்துக்கொள்வார். பிறகு சொல்வார்: “அந்தப் பக்கம்னா அம்பது சேர்த்துக் குடு சார். திரும்பி வர சவாரி கிடைக்காது.”