பட்டுப்போன கம்புக்கு அறுபது பவுண்டு

வோக்கிங், இங்கிலாந்து
ஜனவரி மாதம்

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வீடியோவில் எங்கள் வீட்டு முற்றத்தைப் பார்த்துவிட்டு, "என்னடே, பட்டுப்போன கம்புக்கு பெயிண்ட் அடிச்சு நட்டு வச்சிருக்கே?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிடுவீர்கள். கடிதம் என்றால் உம்மா கடைசி வரி வரை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள், நீங்கள் தப்ப முடியாது.

அது கம்பு இல்லை மச்சான், மேப்பிள் மரம். கனடாக்காரன் கொடியில் இலையைப் போட்டு வைத்திருக்கிறானே, அந்த இனம். ஆனால் இதை வளர்ப்பது இலைக்காக இல்லை, பட்டைக்காக. பாம்புப்பட்டை மேப்பிள் என்று ஒரு கூட்டமே உண்டு. (உம்மாவுக்கு வாசிக்கும்போது பாம்பை விட்டுவிடுங்கள்.) எங்கள் மரத்தின் பெயர் ஃபீனிக்ஸ். தாய்வழி, தகப்பன்வழியில் ஒன்று சீனா, இன்னொன்று வட அமெரிக்கா. கோடையில் வந்து பார்த்தால் சாதாரணப் பச்சை மரம். நவம்பரில் இலை கொட்டிக் குளிர் ஏற ஏற, இளங்கொப்பெல்லாம் அவித்த இறாலின் நிறத்துக்கு வரும். அதன்மேல் நெடுக வெள்ளைக் கோடுகள். தண்டு பருக்கும்போது மேல்தோல் வெடித்து விழுகிற கோடுகள் அவை. அந்தச் சீன வழி மேப்பிளுக்கு அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1869இல் பாண்டாக் கரடியை ஐரோப்பாவுக்குத் தெரியவைத்ததும் அவர்தான்.

பிறகு போனில் வாப்பா மூன்று கேள்வி கேட்டார். முதலாவது, காய்க்குமா? மேப்பிள் காய்க்கும், இறக்கை முளைத்த சின்னக் காய், காற்றில் சுழன்றுகொண்டே விழும், தின்ன ஆகாது. இரண்டாவது, அக்கானி எடுக்கலாமா? எடுக்கிற மேப்பிள் வேறே. கனடாவில் அதன் நீர் நாற்பது லிட்டரைக் காய்ச்சினால் பாகு ஒரு லிட்டர் தேறும். நம்முடையதில் அதுவும் கிடையாது. மூன்றாவது, தடி எதற்காவது உதவுமா? இருபது அடிக்கு மேல் போவதே அபூர்வம், என்னத்தை அறுப்பது? "அதுக்கு ஒரு அயனியை நட்டிருந்தா வள்ளமாவது செய்யலாம். காய்க்காத மரத்துக்குத் தண்ணி ஊத்துகவன் உண்டுமா?" என்று போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

உண்டு. இங்கே ஊரே அப்படித்தான். குலசேகரத்தில் உங்கள் ரப்பர் இலை உதிர்த்து நிற்கிற நாட்களில் பால்வெட்டை நிறுத்திவிட்டுக் கடன் கணக்குப் பார்ப்பீர்கள். ஒரு ஆளாவது வந்து நின்று பட்டையைப் பார்த்து 'ஹா' என்று சொன்னதுண்டா? இங்கே அதற்கு டிக்கெட். பக்கத்தில் விஸ்லி என்ற இடத்தில் அரச தோட்டக்கலைச் சங்கத்துக்கு 1903இலிருந்து ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. அதில் குளிர்காலத்துக்கென்றே ஒரு நடைபாதை. இலை, பூ, காய் ஒன்றுமில்லை, சிவப்புக் குச்சி, மஞ்சள் குச்சி, ஆரஞ்சுக் குச்சி. குடும்பம் குடும்பமாகக் குல்லா போட்டுக்கொண்டு வந்து குச்சி பார்க்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ் பக்கம் ஆங்கிள்ஸி அபே என்ற தோட்டத்தில் இன்னும் ஒரு படி மேல். இமயமலைப் பூர்ஜ மரங்களைத் தோப்பாக நட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வடக்கே அந்தக் காலத்தில் பட்டையை உரித்து ஏடு எழுதினார்களே, அதே மரம். தண்டு வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டும் என்று தோட்டக்காரர்கள் அதைத் தேய்த்துக் கழுவி விடுகிறார்கள். சத்தியமாக மச்சான், மரத்துக்குக் குளிப்பாட்டு! நம் ஊரில் ஆனைக்குக்கூட இந்த உபசாரம் நடக்குமோ என்னவோ.

முதலில் எனக்கும் சிரிப்புத்தான். ஒரு டிசம்பர் கழிந்தபின் சிரிப்பு நின்றது. காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, மாலை நாலுக்கு முன்னால் சூரியன் போயாச்சு. இங்குள்ள ஷாஜஹான் பள்ளிவாசல் 1889இல் போபால் பேகம் கொடுத்த பணத்தில் எழும்பியது. அங்கே லுஹர் தொழுதுவிட்டு வந்து சோறு தின்று கை கழுவினால் அஸர், டீயைக் குடித்து முடித்தால் மஃரிப். வானம், ரோடு, வீட்டுச் சுவர், பக்கத்து வீட்டுக்காரர் முகம் எல்லாம் ஒரே சாம்பல். அதற்கு நடுவே ஒரு கொப்பு சிவந்து நின்றால் காசு கொடுக்க மாட்டோமா? கொடுத்தேன், அறுபது பவுண்டு. ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், வாப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது.

அந்தக் காசு யாரிடம் போனது தெரியுமா? செடியில் தொங்கின அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: பாஸ்கோப், ஹாலந்து. அலங்கார மரக்கன்றுகளுக்குப் பேர்போன ஊராம். 1741இல் நம் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப்போனானே டச்சுக்காரன், தன் தளபதி டிலனாயைக்கூட நம்மிடமே விட்டுவிட்டுப் போனானே, அந்தக் கணக்கை ஒரு குளச்சல்காரனிடம் குச்சி விற்றுத் தீர்த்துக்கொண்டான். நம் வெற்றித்தூண் பக்கம் போனால் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

அட்டையில் 'வேகமாக வளரும்' என்று போட்டிருந்தது. இங்கிலாந்து வேகம்! வருஷத்துக்கு ஓரடி, மிஞ்சினால் இரண்டடி. முருங்கைக் கொப்பை ஒடித்துக் குத்தினால் அடுத்த வருஷம் ஓட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது வளர்ச்சியாகவே தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அடேயப்பா, என்ன வேகம்!" என்று வாய் பிளக்கிறார். அவர் முற்றத்தில் இருப்பது செம்புத்தாளாகப் பட்டை உரிகிற வேறொரு மேப்பிள். நட்ட கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மரம் இன்னும் அவர் உயரத்துக்குத்தான் நிற்கிறது.

யோசனையும் அந்தப் பாட்டியம்மாதான் சொல்வார். சர்ரே மணல் மண், கொஞ்சம் அமிலம். இந்த ஜாதிக்கு அது பிடிக்கும், சுண்ணாம்பு மண் ஆகாது. வேர் ஆழமாகப் போகாது, அதனால் மட்கிய இலையை அடியில் பரத்த வேண்டும், தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. வாடைக்காற்று நேரே அடிக்கிற மூலையும் ஆகாது. முக்கியமாக, குளிர்கால முடிவில் கத்தி வைக்கவே கூடாது, வெட்டின இடத்தில் நீர் நிற்காமல் வடியும். வெட்டுவதென்றால் கோடை கழியும்போது வெட்ட வேண்டும்.

உங்கள் மகன் ஜூலையில் டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றானாமே? வேண்டாம், ஜூலையில் வந்தால் பச்சை மரத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அறுபது பவுண்டு?" என்று ஊர் முழுக்கச் சொல்லுவீர்கள். ஜனவரியில் வாருங்கள். குரங்குக் குல்லாவும், மாமி கையால் வறுத்த நெத்தோலிக் கருவாடும் கட்டாயம். நீர் வடியும் என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பால்வெட்டுக் கத்தியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்றால், மச்சான் என்றும் பார்க்காமல் ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி அனுப்புவேன்.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்