தோன்றல், திரிதல், கெடுதல்: காஞ்சிபுரத்துக் கல்யாண ஆல்ப இலக்கணம்

எழுதியதைத் திருத்திக்கொடுக்கும் தொழில் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதிய காலத்தில், அன்றன்று எழுதிய ஏட்டைக் குமரகோட்டத்துச் சன்னதியில் வைத்துவிட்டுப் போவாராம். விடிந்து நடை திறந்தால் முருகன் திருத்தி வைத்திருப்பாராம். ஒரே ராத்திரியில் எடிட்டிங் முடிந்தது, அட்வான்ஸ் கிடையாது. அப்படியும் அரங்கேற்றத்தன்று முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே வம்பு வந்தது. ழகரமும் தகரமும் சேர்ந்து டகரமாகத் திரிய எந்த இலக்கணத்தில் இடமிருக்கிறது என்று சபையில் கேட்டுவிட்டார்கள். வீரசோழியத்தில் விதி கிடைத்த பிறகே புராணம் மேலே நகர்ந்தது என்பது ஊர்க்கதை. கடவுளே கரெக்‌ஷன் போட்டாலும் வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய சபை ஆல்பம் பார்க்கிற சபை. என் களஆய்வு இதே ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில், பெரியம்மா வீட்டுத் திண்ணையில் நடந்தது. அக்கா மகள் கல்யாண ஆல்பம் வந்திருந்தது. 12க்கு 36 அங்குலம், தூக்க இரண்டு பேர். பெரியம்மா நாலு பக்கம் புரட்டினார், எழுந்து உள்ளே போனார், பீரோவிலிருந்து முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து படத்தின் மேலேயே விரித்தார்.

“இது அரக்கு. இதுல இருக்கிறது குங்குமம்.”

“மண்டபத்து லைட்டு மஞ்சள்மா, அதான்” என்றார் ஆல்பம் கொண்டுவந்த ஸ்டுடியோ தம்பி.

“லைட்டு மேல பழி போடாத தம்பி. எங்க கண்ணுக்கு மாறலையே?” அதே மூச்சில் அடுத்த வாக்கியம்: “பொண்ணு முகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கலர் ஏத்திக் குடு.”

புடவையின் நிறம் இம்மியும் மாறக் கூடாது, முகத்தின் நிறம் மாறியே ஆக வேண்டும். இதைப் ‘பெரியம்மா கோட்பாடு’ என்று இக்கட்டுரை வழங்கும். சட்டமும் பெரியம்மா பக்கம்தான்: காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, முகத்துக்கு அப்படிக் காப்பு எதுவும் இல்லை.

எடிட்டிங் என்பது விகாரம். விகாரம் மூன்று என்று நன்னூலார் எப்போதோ சொல்லிவிட்டார்.

தோன்றல்: துபாயில் லீவு கிடைக்காத சித்தப்பா குரூப் போட்டோவில் தோன்றுவது. அவர் நிழல் மட்டும் இடப்பக்கம் விழும். கெடுதல்: பிளாஸ்டிக் சேர், தீயணைப்பான், வீடியோகாரரின் முழங்கை ஆகியவை மறைவது. பரு கெடலாம். மச்சம் கெடக் கூடாது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக ஏறியிருக்கிறது.

திரிதல்தான் பெரிய இயல். மண்டபத்தின் பழைய மஞ்சள் பல்பு 2,800 கெல்வின் சுமார், பகல் வெளிச்சம் 5,500 சுமார். நம் கண் இரண்டையும் தானே சமன்செய்துகொள்கிறது; கேமராவுக்கு யாராவது சொல்ல வேண்டும். பெரியம்மா கண்ணுக்கு மாறாதது கேமராவுக்கு மாறியது இதனால்தான். அடர்ந்த அரக்கில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டால் கொசுவத்தின் மடிப்பெல்லாம் ஒரே திட்டாகிவிடும். மயில் கழுத்து இன்னும் மோசம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நடக்க நடக்க மாறத்தான் அதை நெய்தார்கள். நிற்க வைத்து ஒரு நிறம் கேட்டால் அது எதைச் சொல்லும்? பாலும் பழமும் கட்டம் உடுத்தி வந்த அத்தைகள் தனி வகை: பொடிக் கட்டமும் கேமராவின் புள்ளிக் கட்டமும் மோதி, புடவையில் இல்லாத அலை ஒன்று படத்தில் ஓடும். அது நெசவுப் பிழையல்ல, தறிக்காரரைத் திட்ட வேண்டாம்.

போனில் பார்த்ததற்கும் தாளில் வந்ததற்கும் ஏன் வித்தியாசம் என்பது அடுத்த வழக்கு. போன் தானே எரிகிற விளக்கு; தாள் பிறர் வெளிச்சத்தில் வாழ்வது. ஆல்பத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போவது நல்லது.

அளவு பற்றிச் சுருக்கமாக. 12க்கு 36 அங்குலத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்ப 3,600 × 10,800, அதாவது கிட்டத்தட்ட 3.9 கோடி புள்ளி வேண்டும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளவாக்கில் 1,600 சொச்சம்தான் மிஞ்சும். அதே கணக்கில் ஐந்தே கால் அங்குலம். அதைக் கொடுத்து வாசலுக்குப் பேனர் கேட்கிறார்கள். கேமராவின் படம் 3க்கு 2. அதை 8க்கு 10இல் போட்டால் இரண்டு அங்குலம் வெட்டுப்படும், வெட்டுப்படுகிறவர் எப்போதும் ஓரத்து மாமா. ரா ஃபைலைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பாவு. பாவை உடுத்த முடியாது.

ஸ்டுடியோ தம்பி கடைசியில் புடவையையே வாங்கிக்கொண்டு போனார், ராத்திரி ஸ்டுடியோவில் இருக்கட்டும் என்று. (குமரகோட்டத்து நடைமுறை.) ஆல்பம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அரக்கு அரக்காகவே இருந்தது. முகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெரியம்மா ஜரிகையில் விரலை வைத்தார்.

“இதுல வெள்ளி இருக்கா தம்பி?”

அவர் சின்ன வயதில் ஜரிகை சுற்றியவர், கேள்வி நியாயமானது. பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் பூசுவதுதான் அசல் ஜரிகை; போலிக்கு ‘டெஸ்டட்’ என்று பெயர். பழைய பட்டுப்புடவையைத் தெருவில் வந்து எடைபோட்டு எடுப்பதும் அந்த வெள்ளிக்காகத்தான்.

தம்பி கொஞ்சம் யோசித்து உண்மையைச் சொன்னார். போட்டோ பேப்பரிலும் வெள்ளி உப்புத்தான் பூசியிருக்கும். வெளிச்சம் பட்டு, கெமிக்கலில் இறங்கினால் நிறம் மட்டும் தங்கும். வெள்ளி முழுக்கக் கழுவிப் போய்விடும். கழுவிய தண்ணீரிலிருந்து அதைப் பிரித்து எடுக்கிறவர்கள் உண்டு.

“வெள்ளியை அவங்க எடுத்துக்கிட்டு, நமக்குக் கலரை மட்டும் குடுக்கிறாங்க.”

“ஆமாம்மா.”

பெரியம்மா ஆல்பத்தை மூடினார்.

“அப்போ இது டெஸ்டட் ஜரிகை.”