பேர் வைக்க வந்தவர்கள்

எங்கள் ஆற்றுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் புழங்கும் பெயர் ‘ஆறு’. “எங்கவே போறீரு?” “ஆத்துக்கு.” அவ்வளவுதான். சங்கப் புலவர்கள் பொருநை என்றார்கள். அதிலும் கரூர்க்காரர்கள் அமராவதிக்கு ‘ஆன்பொருநை’ என்று பங்கு வாங்கிவிட்டார்கள்.

மற்றபடி பேர் வைக்க வந்தவர்களில் முதல் குற்றவாளி தாலமி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்தபடியே, கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு உலகத்துக்கே பட்டா எழுதிய மனிதர். ஆற்றின் பழைய துறைமுகமான கொற்கையைக் ‘கொல்கோய்’ என்றார். சரி, நாக்கு புரளவில்லை. ஆற்றை ஏன் ‘சோலேன்’ ஆக்கினார்? கிரேக்கத்தில் அதற்குக் குழாய் என்று பொருள்; ஒருவகைச் சிப்பிக்கும் அதே பெயர். நடந்தது இப்படித்தான் இருக்கும் என்பது என் கட்சி: எவனோ ஒரு மாலுமி கொற்கைத் துறையில் தண்ணீரைக் காட்டி “இது என்ன?” என்றிருப்பான். கூடையோடு கரையேறிய பரதவர், யாவாரம் வந்துவிட்டதென்று ஒரு சங்கைத் தூக்கிக் காட்டியிருப்பார். முடிந்தது. ரொம்பவும் சிரிக்க முடியவில்லை. இந்த ஆற்றைப் பொருநல் என்று பாடிய நம்மாழ்வாரும் குருகூரில் சங்கணித்துறைக்காரர்தானே.

வடமொழிக்காரர்கள் தாமிரபரணி என்றார்கள். தாமிரம் செம்பு, பர்ணம் இலை. ஆற்றில் ஏதுவே இலை? உடனே ‘வர்ணம்’ என்று திருத்தி, செம்பு நிறத் தண்ணீர் என்கிறார்கள். ஐப்பசி வெள்ளத்தில் எந்த ஆறு பால் நிறத்தில் ஓடுகிறது?

இலங்கையின் பாலி நூலான மகாவம்சத்தின் கதை இன்னும் விசேஷம். இலங்கையில் இறங்கிய விஜயனின் ஆட்கள் களைத்துப்போய்க் கையை ஊன்றி உட்கார்ந்தார்களாம்; செம்மண் ஒட்டி உள்ளங்கை சிவந்ததாம்; அதனால் அந்த இடமும் தீவும் தம்பபண்ணி; தாமிரபரணிதான் பாலியில் அப்படி. யாராவது ஒருத்தர் கை கழுவியிருந்தால் தீவுக்கே பெயரில்லாமல் போயிருக்கும். அசோகரின் கல்வெட்டிலும் தம்பபண்ணி உண்டு. அது தீவா, நம் ஆறா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணமான ஆறு, வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலையே விரட்டிவிட்டது. கொற்கைக்கும் கடலுக்கும் இப்போது ஆறேழு கிலோமீட்டர். நாணயம் அடித்த இடமென்று சொல்ல அக்கசாலை என்ற ஊர்ப்பெயர் மிச்சம். ஒரு கிழட்டு வன்னி மரம் மிச்சம். இன்றைக்கு அந்த மாலுமி வந்து தண்ணீரைக் காட்டிக் கேட்டால், மாடு குளிப்பாட்டுகிற பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: “குளம்வே.”